30 விநாடி டைம்அவுட் வைத்தும் 15 நிமிடம் தொங்குவது ஏன், டிப்ளாய் செய்யும்போது 502 வருவது ஏன்?

கேள்வியின் சாரம் இது. கோ மொழியில் எழுதிய ஒரு ஏபிஐ சர்வர், புரோகிராம்களைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் ஓடுகிறது. முன்னால் ரிக்வெஸ்டுகளைப் பங்கிடும் லோட் பேலன்சர், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். புதிய பதிப்பை ஏற்றும் (டிப்ளாய்) ஒவ்வொரு முறையும் சில விநாடிகளுக்கு 502 பிழை வருகிறது, அதாவது பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்று லோட் பேலன்சர் சொல்கிறது. டேட்டாபேஸ் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது சில பின்னணி வேலைகள் 15 நிமிடம் அசையாமல் நின்றன. இத்தனைக்கும் டேட்டாபேஸ் இணைப்பு அமைப்பில் கனெக்ட் டைம்அவுட் 30 விநாடி என்று இருக்கிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நெட்வொர்க்கில் காத்திருப்பு ஒன்றல்ல. பெயருக்கு ஐபி முகவரி கிடைக்கக் காத்திருக்கிறோம். இணைப்பு கிடைக்க, அனுப்பியது போய்ச் சேர, பதில் வரக் காத்திருக்கிறோம். வேலையில்லாத இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டும் காத்திருக்கிறோம். கடைசியில் சர்வரை நிறுத்துவதும் ஒரு காத்திருப்புதான். ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை வேண்டும். நீங்கள் எல்லை வைக்காத இடத்தில் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் எல்லை வேலை செய்யும், அது உங்கள் பயனருக்காக வைக்கப்பட்டதல்ல.

முதலில் அந்த 15 நிமிடம். நீங்கள் வைத்த 30 விநாடி, இணைப்பு உருவாகும் வரைதான் பேசும். இணைப்பு கிடைத்த கணமே அதன் வேலை முடிந்தது. டேட்டாபேஸ் மெஷின் திடீரென்று மறைந்தால் அது விடைபெறும் ஃபின் பாக்கெட்டை அனுப்பாது, இணைப்பை அறுக்கும் ஆர்எஸ்டியும் அனுப்பாது. உங்கள் பக்கம் இணைப்பு திறந்தே இருப்பதாகத்தான் தெரியும். அதில் ஒரு குவெரியை எழுதுகிறீர்கள். அது கெர்னலின் பஃபருக்குள் போய்விடுவதால் எழுதியது வெற்றி என்று உடனே பதில் வரும். பிறகு, வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை வராததால் கெர்னல் மறுபடி மறுபடி அனுப்பும், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, 120 விநாடியைத் தொட்டதும் அங்கேயே நிறுத்திக்கொண்டு. லினக்ஸில் இதற்கான அமைப்பு டிசிபி ரீட்ரைஸ்2, இயல்பு மதிப்பு 15. கூட்டிப் பார்த்தால் சுமார் 924 விநாடி வரும். நீங்கள் பார்த்த 15 நிமிடம் இதுதான்.

"கீப்அலைவ் இருந்ததே, அது கண்டுபிடித்திருக்க வேண்டாமா?" என்று இங்கே பலரும் கேட்பார்கள். கோவின் டயலர் 15 விநாடி கீப்அலைவைத் தானாகவே போட்டுவிடுகிறது, உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் சோதனைப் பாக்கெட்டுகள் இணைப்பு சும்மா இருக்கும்போது மட்டுமே போகும். ஒப்புகை வராத டேட்டா ஒரு பைட் நிலுவையில் இருந்தாலும் அந்த இணைப்பு மறு அனுப்புதலின் கையில் இருக்கிறது, கீப்அலைவ் குறுக்கே வராது. இந்த இடத்துக்கென்றே உள்ள கருவி டிசிபி யூசர் டைம்அவுட் என்ற சாக்கெட் ஆப்ஷன். அனுப்பிய டேட்டாவுக்கு எத்தனை மில்லி விநாடிக்குள் ஒப்புகை வர வேண்டும் என்று அதில் சொல்கிறோம். 20,000 முதல் 30,000 வரை நல்ல தொடக்கம். போஸ்ட்கிரெஸின் சி லைப்ரரியான லிப்பிக்யூ வழியாகப் போகும் டிரைவர்களில் போஸ்ட்கிரெஸ் 12 முதல் இதை இணைப்பு அமைப்பிலேயே எழுதலாம். கோவின் டிரைவர்கள் லிப்பிக்யூவைத் தொடுவதில்லை. அங்கே டயலரின் கன்ட்ரோல் ஃபங்ஷனில் சாக்கெட் ஆப்ஷனை நீங்களே வைக்க வேண்டும்.

அதைவிட முதன்மையான திருத்தம், ஒவ்வொரு குவெரிக்கும் கெடு உள்ள கான்டெக்ஸ்டைக் (கெடுவையும் ரத்தையும் சுமந்து செல்லும் கோ மதிப்பு) கொடுப்பது. எச்டிடிபி ரிக்வெஸ்டுகள் தப்பித்து, பின்னணி வேலைகள் மட்டும் தொங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். முன்னதில் யாரோ கெடுவைக் கடத்தியிருப்பார்கள், பின்னதில் கெடுவே இல்லாத வெறும் பேக்கிரவுண்ட் கான்டெக்ஸ்ட் போயிருக்கும். போஸ்ட்கிரெஸின் ஸ்டேட்மென்ட் டைம்அவுட் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது சர்வர் பக்கம் எண்ணப்படுவது, சர்வரே காணாமல் போனால் எண்ண ஆளில்லை.

எதையும் எழுதாமல், வெறுமனே பதிலை எதிர்பார்த்துப் படித்துக்கொண்டிருக்கும் இணைப்பின் நிலை இன்னும் மோசம். கீப்அலைவ் போடாவிட்டால் அதற்கு எல்லையே கிடையாது. போட்டும் இயல்பு மதிப்புகளை மாற்றாவிட்டால் 7200 விநாடி கழித்து முதல் சோதனை, பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. அந்த 2 மணி நேரம் 1989-ல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 1122 வகுத்த குறைந்தபட்சம். இன்றைய லோட் பேலன்சர்களோ 1 நிமிடம், 4 நிமிடம், 350 விநாடி என்று கணக்கு வைத்து இணைப்பை மறந்துவிடுகின்றன.

இணைப்பு உருவாக்கும் கட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒரு சிறு நுணுக்கம். எதிர்ப்பக்கம் போர்ட் மூடியிருந்தால் ஆர்எஸ்டி உடனே வந்துவிடும், அங்கே காத்திருப்பே இல்லை. ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போடும்போதுதான் சிக்கல். அப்போது லினக்ஸ், இணைப்பைக் கேட்கும் சின் பாக்கெட்டை 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளி கூட்டி 6 முறை மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டு, 127 விநாடி கழித்துக் கைவிடும். புதிய கெர்னல்களிலும் 2 நிமிடத்துக்கு மேல்தான். ஆகவே நாமே எல்லை வைக்கிறோம், ஆனால் சரியாக 1 விநாடி என்று வைத்துவிடாதீர்கள். முதல் சின் தொலைந்தால் இரண்டாவது புறப்படுவதே 1 விநாடி கழித்துத்தான், அது கிளம்பும் நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திவிடுவீர்கள். மூன்றாவது 3-வது விநாடியில் போகும். ஆகவே ஒரே டேட்டா சென்டருக்குள் 1.5 விநாடி, வெளி உலகுக்கு 3.5 விநாடி என்பது பொருளுள்ள எண்கள்.

பெயருக்கு ஐபி முகவரி தேடும் டிஎன்எஸ் நேரம் இதற்குள் அடங்குமா என்பதையும் உங்கள் லைப்ரரியில் பாருங்கள். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான கிளிப்சியின் ரிசால்வர் இயல்பாக ஒரு முயற்சிக்கு 5 விநாடி என்று 2 முறை முயலும். லாகில் தாமதங்கள் சரியாக 5 விநாடிக்குப் பக்கத்தில் குவிந்திருந்தால் முதலில் டிஎன்எஸ்ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படிக்கும் டைம்அவுட்டில் மொழிக்கு மொழி பொருள் மாறுகிறது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் டைம்அவுட் 30 என்றால், அடுத்த பைட் வர 30 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்றுதான் அர்த்தம். 29 விநாடிக்கு ஒரு பைட் சொட்டும் சர்வரிடம் அது நாள் முழுக்கக் காத்திருக்கும். எதுவுமே எழுதாவிட்டால் அங்கே எல்லையே இல்லை. கோவின் எச்டிடிபி கிளையன்டில் டைம்அவுட் என்பது பதிலின் உடலைப் படித்து முடிக்கும்வரை மொத்தத்துக்கும் சேர்த்தது. ஆனால் இயல்பு கிளையன்டில் அது பூஜ்யம், அதாவது எல்லை இல்லை. மொத்தத்துக்கு ஒரு கெடு நேரம், அதற்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் சிறு எல்லை என்ற அமைப்பே பாதுகாப்பானது. அந்தக் கெடுவை அடுத்த சேவைக்கும் கடத்துங்கள். பயனர் 10 விநாடியில் போய்விட்ட பிறகு மூன்றாம் அடுக்கில் ஒரு குவெரி 30 விநாடி ஓடுவதில் யாருக்கும் பயனில்லை. சேவைகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி இதைத் தானாகச் செய்கிறது, வெறும் எச்டிடிபியில் ஒரு ஹெடரில் மீதமுள்ள நேரத்தை அனுப்ப வேண்டும். மீதமுள்ள நேரம்தான், கடிகார நேரமல்ல. இரண்டு மெஷின்களின் கடிகாரமும் ஒத்திருக்கும் என்று எண்ணக் கூடாது. ஒரே மெஷினுக்குள்ளும் பின்னோக்கிப் போகாத மானோடானிக் கடிகாரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். 2016-ன் கடைசியில் சேர்ந்த லீப் விநாடியின்போது கிளவுட்ஃப்ளேரின் டிஎன்எஸ் மென்பொருளில் ஒரு நேரக் கழிப்பு எதிர்மறையாகி, அது விழுந்தது. அடுத்த ஆண்டே கோ 1.9 மானோடானிக் நேரத்தைச் சேர்த்துக்கொண்டது.

இனி 502. இதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று டிப்ளாய் இல்லாத நாட்களிலும் மெல்லக் கசியும், மற்றொன்று டிப்ளாயின்போது மட்டும் கொட்டும்.

மெல்லக் கசிவது சும்மா கிடக்கும் இணைப்பிலிருந்து. லோட் பேலன்சர் உங்கள் சர்வருடன் இணைப்பைத் திறந்து வைத்து அடுத்தடுத்த ரிக்வெஸ்டுகளை அதே இணைப்பில் அனுப்புகிறது. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர் சும்மா இருக்கும் இணைப்பை 60 விநாடி வைத்திருக்கும். நோட் ஜேஎஸ் சர்வரில் இந்த இயல்பு மதிப்பு பல ஆண்டுகளாக 5 விநாடியாக இருந்துவந்தது. இரண்டையும் அப்படியே விட்டால், 5-வது விநாடியில் சர்வர் ஃபின் அனுப்பும் அதே கணத்தில் எதிர்த்திசையில் ஒரு புது ரிக்வெஸ்ட் வந்துகொண்டிருக்கலாம். மூடிய சாக்கெட்டுக்கு வந்ததால் கெர்னல் ஆர்எஸ்டி சொல்லும். ரிக்வெஸ்ட் செயல்பட்டதா இல்லையா என்று லோட் பேலன்சருக்குத் தெரிய வழியில்லை, 502 கொடுத்துவிடும். விதி எளிது: ரிக்வெஸ்டை அனுப்புகிறவர் முதலில் மூட வேண்டும், வாங்குகிறவர் அவரைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். லோட் பேலன்சர் 60 என்றால் உங்கள் கோ சர்வரின் ஐடில் டைம்அவுட் 75. இதே விதியை டேட்டாபேஸ் பக்கம் திருப்பிப் போடுங்கள். அங்கே அனுப்புகிறவர் நீங்கள். நடுவில் 350 விநாடியில் மறக்கும் நெட்வொர்க் லோட் பேலன்சர் இருந்தால், இணைப்புகளை மறுபடி பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் பூலில் சும்மா இருக்கும் இணைப்பை நீங்கள் 300-க்குள் மூடிவிட வேண்டும்.

சர்வர் பக்கம் ரீட் ஹெடர் டைம்அவுட்டையும் 5 விநாடி அளவில் வையுங்கள். ஹெடரைச் சொட்டுச் சொட்டாக அனுப்பி இணைப்புகளை அடைத்துவைக்கும் ஸ்லோலோரிஸ் தாக்குதல் 2009-லிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. கோவின் ரைட் டைம்அவுட்டில் மட்டும் நிதானம் வேண்டும். அது தீர்ந்தால், ரிக்வெஸ்டைக் கையாளும் ஹேண்ட்லர் நிற்பதில்லை, வேலை ஓடிக்கொண்டே இருக்கும். பதில் மட்டும் போகாது, கிளையன்டுக்கு இணைப்பு அறுந்ததாகத் தெரியும். நீண்ட டவுன்லோடுகள் இருந்தால் கோ 1.20-ல் வந்த ரெஸ்பான்ஸ் கன்ட்ரோலரைக் கொண்டு ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் கெடுவை நீட்டிக்கொள்ளுங்கள்.

டிப்ளாய் நேரத்து 502 பற்றி. ஒரு பாட் (உங்கள் புரோகிராம் ஓடும் சிறு அலகு) நீங்க வேண்டும் என்று சொன்னதும் குபர்னெட்டீஸில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒரு பக்கம், ஒவ்வொரு மெஷினிலும் இருக்கும் குபர்னெட்டீஸின் முகவரான கியூப்லெட், முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலை உங்கள் புராசஸுக்கு அனுப்புகிறது. மறுபக்கம் அந்தப் பாடின் முகவரி எண்ட்பாயின்ட் பட்டியலிலிருந்து நீங்கி, அந்தச் செய்தி ஒவ்வொரு நோடுக்கும் லோட் பேலன்சருக்கும் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது எப்போதும் தாமதமாகும். சிக்டெர்ம் வந்த கணமே லிசனிங் சாக்கெட்டை மூடிவிட்டால், செய்தி போய்ச் சேராத இடங்களிலிருந்து வரும் இணைப்புகளெல்லாம் மறுக்கப்படும். அதுதான் அந்தச் சில விநாடி. ஆகவே "நிறுத்து" என்று சொன்ன பிறகும் 5 முதல் 15 விநாடி வழக்கம்போல் புது ரிக்வெஸ்டுகளை ஏற்க வேண்டும். சிக்டெர்முக்கு முன் ஓடும் ப்ரீஸ்டாப் ஹூக்கில் ஸ்லீப் போடுவது வழக்கமான வழி. ஷெல்லே இல்லாத சிறிய இமேஜ் என்றால் ஸ்லீப் கட்டளையும் இருக்காது, ஹூக் தோற்றுவிடும். அப்போது காத்திருப்பைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதுங்கள். இந்த இடைவெளியில் அனுப்பும் ஒவ்வொரு பதிலிலும் கனெக்‌ஷன் ஹெடரில் குளோஸ் என்று எழுதிவிட்டால் பழைய இணைப்புகள் சண்டையில்லாமல் தாமாகவே உதிரும்.

ப்ரீஸ்டாப் நேரமும், நின்றுகொள்ள குபர்னெட்டீஸ் தரும் மொத்தச் சலுகை நேரத்துக்குள்தான். இயல்பு 30 விநாடி, தீர்ந்ததும் புராசஸை உடனே கொல்லும் சிக்கில் சிக்னல். 10 விநாடி ஸ்லீப், 15 விநாடி ஓடும் ரிக்வெஸ்டுகளுக்கு, 3 விநாடி டேட்டாபேஸ் பூலையும் லாகையும் மூட, 2 விநாடி இருப்பு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரிக்வெஸ்ட் ஒன்று நியாயமாகவே 25 விநாடி எடுக்கும் என்றால் சலுகை நேரத்தைக் குறைந்தது 40 ஆக்காமல் இந்தக் கணக்கு நேராகாது. டாக்கர் ஸ்டாப் 10 விநாடிதான் தரும், சிஸ்டம்டி பொதுவாக 90.

இவ்வளவுக்கும் முன்னால், சிக்டெர்ம் உங்கள் புராசஸை எட்டுகிறதா என்று பாருங்கள். டாக்கர்ஃபைலில் கட்டளையை வெறும் வரியாக எழுதினால் 1-ம் எண் புராசஸாக ஷெல் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் புரோகிராம் அதற்குள் பிள்ளையாக ஓடினால், ஷெல் சிக்னலைக் கீழே கடத்தாது. கட்டளையை அடைப்புக்குள் பட்டியல் வடிவில் எழுதுங்கள், ஸ்கிரிப்ட் அவசியம் என்றால் கடைசி வரியை எக்ஸெக் என்று தொடங்குங்கள். கண்டுபிடிப்பது எளிது: ஒவ்வொரு முறையும் நிற்க மிகச் சரியாக 30 விநாடி ஆகி, வெளியேறும் எண் 137 என்று வந்தால் சிக்கில்தான் கொன்றிருக்கிறது, 128-உடன் 9. சிக்னலைப் பிடித்து ஒழுங்காக முடித்த புரோகிராம் 0 தரும், பிடிக்காமல் சிக்டெர்மிலேயே செத்தால் 143.

கோவின் ஷட்டவுன் ஃபங்ஷன் நல்ல கருவி, ஆனால் அதில் மூன்று குழிகள். ஷட்டவுனை அழைத்ததும் லிசன் அண்ட் சர்வ் உடனே திரும்பிவிடும். மெயின் ஃபங்ஷன் அதற்குப் பின் முடிந்துபோனால் ஓடும் ரிக்வெஸ்டுகள் எல்லாம் நடுவில் அறுபடும், ஆகவே மெயின் காத்திருக்க வேண்டியது ஷட்டவுன் திரும்புவதற்கு. அடுத்தது நிறையப் பேர் விழுவது: சிக்னலைப் பிடிக்க நோட்டிஃபை கான்டெக்ஸ்ட் வைத்து, அதே கான்டெக்ஸ்டை ஷட்டவுனுக்கும் கொடுப்பது. அது ஏற்கெனவே ரத்தானது, ஷட்டவுன் காத்திருக்காமல் உடனே பிழையுடன் திரும்பிவிடும். பேக்கிரவுண்டிலிருந்து 15 விநாடிக் கெடுவுடன் புதிய கான்டெக்ஸ்டை உருவாக்குங்கள். சிக்னல் கான்டெக்ஸ்டை பேஸ் கான்டெக்ஸ்டாகவும் வைத்திருந்தால் ஓடும் ரிக்வெஸ்டுகள் அத்தனையும் ஒரே நொடியில் ரத்தாகும், அதையும் நீக்குங்கள். மூன்றாவது, வெப்சாக்கெட் இணைப்புகளை ஷட்டவுன் கணக்கில் எடுப்பதில்லை. அவற்றின் பட்டியலை நீங்களே வைத்து, 1001 என்ற மூடல் எண்ணை அனுப்பி மூட வேண்டும். கிளையன்டுகள் எல்லாம் அதே நொடியில் திரும்ப ஓடிவராமல், ஆளுக்கொரு தற்செயல் இடைவெளி விட்டு வரும்படி எழுதுங்கள். ஜிஆர்பிசியின் கிரேஸ்ஃபுல் ஸ்டாப்புக்கு எல்லையே இல்லை, ஒரு ஸ்ட்ரீம் திறந்திருந்தால் அது முடியும்வரை நிற்கும். பக்கத்தில் ஒரு டைமர் வைத்து, தீர்ந்ததும் ஸ்டாப்பை அழையுங்கள்.

வரிசையும் முக்கியம். கியூவிலிருந்து புது வேலை எடுப்பது முதலில் நிற்கட்டும், பிறகு எச்டிடிபி, எல்லோரும் கை கழுவிய பிறகுதான் டேட்டாபேஸ் பூல். பூல் முன்னால் மூடினால், ஒழுங்காக முடிந்திருக்க வேண்டிய ரிக்வெஸ்டுகள் கடைசி நேரத்தில் 500 ஆகும்.

நேரடியாக சாக்கெட்டில் எழுதுகிறவர்களுக்கு ஒன்றைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். ஒரு கிளையன்ட் 50 எம்பி கோப்பு அனுப்பத் தொடங்குகிறது. சர்வர் ஹெடரைப் பார்த்து, இது அளவுக்கு மீறியது என்று 413 பதிலை எழுதிவிட்டு உடனே குளோஸ் அழைக்கிறது. அந்தக் கணத்தில் சர்வரின் வரவு பஃபரில் படிக்காத டேட்டா கிடக்கிறது. அப்படி இருக்கும்போது மூடினால் லினக்ஸ் ஃபின் அனுப்பாது, ஆர்எஸ்டி அனுப்பும். கிளையன்ட் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, 413-ஐப் படிக்கும் முன்பே ஆர்எஸ்டி போய்ச் சேர்கிறது. பயனருக்குக் கிடைப்பது "கனெக்‌ஷன் ரீசெட்", சர்வர் லாகில் இருப்பதோ ஒழுங்காக அனுப்பிய 413. இரு பக்கமும் தங்கள் லாகைக் காட்டி வாதாடுவார்கள், இருவரும் சொல்வது உண்மை. சரியான முறை: பதிலை எழுதுங்கள், ஷட்டவுன் அழைத்து எழுதும் பாதியை மட்டும் மூடுங்கள், எதிர்ப்பக்கம் முடித்து ரீட் 0 தரும்வரை வருவதையெல்லாம் படித்துத் தூக்கியெறியுங்கள், பிறகு குளோஸ். இதற்கும் எல்லை வேண்டும். என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு படிப்புக்கும் 5 விநாடி, மொத்தம் 30 விநாடி என்று வைத்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு த்ரெட் ரிசீவில் காத்திருக்கும்போது இன்னொரு த்ரெட்டிலிருந்து குளோஸ் அழைத்தால் முதலாவது விழிக்காது. அதைவிட ஆபத்து, மூடிய சாக்கெட்டின் எண் வேறொரு புது இணைப்புக்குப் போய், பழைய த்ரெட் அந்நியரின் டேட்டாவைப் படிக்கத் தொடங்கலாம். எழுப்ப ஷட்டவுன், விழித்த த்ரெட்டே குளோஸ். சர்வரை மறுபடி தொடங்கும்போது முகவரி பயன்பாட்டில் உள்ளது என்று பிழை வந்தால் மூடிய பிறகும் சிறிது நேரம் நீடிக்கும் டைம் வெயிட் நிலையில் இருக்கும் பழைய இணைப்புகள் காரணம், லினக்ஸில் 60 விநாடி. ரீயூஸ் அட்ரஸ் ஆப்ஷன் போதும், கோ அதைத் தானே போடுகிறது. லிங்கர் என்ற சாக்கெட் ஆப்ஷனை 0 ஆக்கி டைம் வெயிட்டை ஒழிக்கச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம், அது ஒவ்வொரு மூடலையும் ஆர்எஸ்டியாக்கி மேலே சொன்ன இழப்பை எல்லா இணைப்புக்கும் கொண்டுவரும்.

டைம்அவுட் ஆனதும் மறுபடி முயல்வதில் ஒரு கவனம். டைம்அவுட் என்றால் நடக்கவில்லை என்று பொருளல்ல, நடந்ததா என்று தெரியவில்லை என்று பொருள். பணம் எடுக்கும் போஸ்ட் ரிக்வெஸ்டை, கிளையன்ட் உருவாக்கிய தனி அடையாள எண் ஒன்று இல்லாமல் மறுபடி அனுப்பக் கூடாது. அந்த எண்ணையும் முதல் முறை தந்த பதிலையும் சர்வர் சேமித்துவைத்து, இரண்டாம் முறை அதே பதிலைத் தர வேண்டும்.

எல்லாம் எழுதிய பின் சோதிக்கும்போது டேட்டாபேஸை ஸ்டாப் செய்து பார்ப்பது போதாது. ஒழுங்காக நிறுத்தினால் ஃபின் வரும், எல்லாம் அழகாக நடக்கும். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் அந்தப் போர்ட்டுக்கு ட்ராப் விதி போடுங்கள். ரிஜெக்ட் வேண்டாம், அது எதிர்ப்பக்கத்துக்குச் சேதி சொல்லிவிடும். பிறகு இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை டைமர் காட்டும் ஓ ஆப்ஷனுடன் ஓட்டினால் ஒவ்வொரு இணைப்பும் இப்போது எந்த டைமரில் நிற்கிறது என்று தெரியும். கீப்அலைவ் என்று இருந்தால் சும்மா இருக்கிறது. ஆன் என்று இருந்தால் மறு அனுப்புதல், பக்கத்தில் இத்தனையாவது முயற்சி என்ற எண் ஏறிக்கொண்டிருக்கும். யூசர் டைம்அவுட் சரியாக அமைந்திருந்தால் நீங்கள் வைத்த விநாடியை ஒட்டி அந்த வரி பட்டியலிலிருந்து மறையும். டிப்ளாயைச் சோதிக்க, நொடிக்குச் சில நூறு ரிக்வெஸ்டுகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே ரோல்அவுட் ரீஸ்டார்ட் கொடுத்து, 200 அல்லாத பதில்களை எண்ணுங்கள். பூஜ்யம் வரும்வரை முதலில் கூட்டிப் பார்க்க வேண்டியது ப்ரீஸ்டாப் ஸ்லீப்பை.